எங்கள் வரப்புக்கு வந்த டிரெய்லர்

எனக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி உப்புக் கூடையைத் தலையில் ஏற்றினால் வலது கை போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் அந்த டிரெய்லரை வாங்கி வந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர் வேண்டாமென்று தள்ளியது, பைக்குக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. மரக்காணம் உப்பளச் சேற்றில் அதன் குட்டிச் சக்கரம் உருளவே இல்லை. அடச்சீ, இதெல்லாம் ஒரு வண்டியா என்று திட்டித் தீர்த்தேன்.

மனுஷன் விடவில்லை. வெல்டிங் பட்டறையே கதி என்று கிடந்தார். சேற்றில் புதையாதபடி அகலமான கார் டயர், குலுங்காமலிருக்க பழைய வேனின் கமான் பட்டை, அதற்கேற்ற நீளமான அச்சு என்று எல்லாம் போட்டார். அச்சுக்கு அளவெடுத்ததில்தான் கோட்டை விட்டார். ரோட்டோரம், வரப்பு அகலமாக இருக்கும் இடத்தில் அளந்துவிட்டார். உள்ளே எங்கள் பாத்திக்கும் அவருடைய அண்ணன் பாத்திக்கும் ஒரே வரப்பு. வருஷா வருஷம் பாத்தி சீர் செய்யும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் அதைச் சுரண்டித் தங்கள் பாத்தியை அகலப்படுத்திக்கொள்வார்கள். அடுத்தவர் சுரண்டியது மட்டும்தான் இருவர் கண்ணுக்கும் தெரியும்.

முதல் லோடிலேயே வரப்பு சரிந்தது. பைக், டிரெய்லர், உப்பு மூட்டை எல்லாம் அண்ணன் பாத்தியில் போய் விழுந்தன. பைக் இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று விளைந்திருந்த உப்பு சேறாகிவிட்டது.

"டேய்! என் வயித்துல அடிச்சிட்டியேடா!" அண்ணன் மண்வெட்டியோடு ஓடிவந்து ஒரு டயரை வெட்டிக் கிழித்தார்.

"வரப்பத் தின்னவன் நீதான்டா!" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்தார். மண்வெட்டிப் பிடி அவர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் இன்னொரு கையால் ஜாக்கி ராடை எடுத்து அண்ணன் மண்டையில் போட்டார். ரத்தம் பீறிட்டு உப்பில் கொட்டியது. பாவிகளா, ஒரு தாய் வயிற்றில்தானே பிறந்தீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். வெயில் ஏறுமுன்பே வேலையாட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கூப்பிட ஒரு ஆளில்லை.

ஒருவருக்குக் கை இல்லை, ஒருவருக்கு நினைவே பாதிதான். டிரெய்லரைப் பைக்கிலிருந்து கழற்றி, அண்ணனை அதில் உருட்டிப் போட்டு, கயிற்றைத் தோளில் மாட்டி நானே இழுத்தேன். வரப்பில் வழி ஏது? செருப்புக்கால்கூட வைக்கக் கூடாத விளைந்த பாத்தியின் நடுவிலேயே வண்டியை விட்டேன்.

மண்டை பிளந்து கிடந்தவர் முனகினார்: "ஏய், உப்புல எறங்காத..."

"வாய மூடிகினு படு மாமா!"

ஒரு டயர் உருண்டது, கிழிந்தது உழுதது. கழுத்தில் ஏதோ சுளீரென்றது. நிற்கவில்லை, ரோடு வரைக்கும் இழுத்தேன். ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளர் என் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. தலைக்கட்டோடு ஒருவரும் கைக்கட்டோடு ஒருவரும் என்னைப் பார்த்து அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இந்த வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து மண் போட்டு வரப்பை அகலமாக்கியிருக்கிறார்கள். டிரெய்லர் ஜோராக ஓடுகிறது. நான்தான் சோற்றை இடது கையால் தின்கிறேன்.