போணிக்கு முன்னால் இல்லை சொன்ன பெட்டி

வடசென்னையில் விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கம் நான் வேலை பார்த்த பிரௌசிங் சென்டரில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் போணி ஆகும்வரை யார் வாயிலிருந்தும் ‘இல்லை’ என்ற சொல் வரக்கூடாது. முதலாளி அதற்கு முன்னால் கேசட் கடை வைத்திருந்தவர். கேட்ட படம் கடையில் இல்லாவிட்டாலும் “கீது, குந்து” என்று ஆளை உட்காரவைத்து, வேறு படத்தைத் தலையில் கட்டி அனுப்பிய அனுபவசாலி. அதே திறமையோடுதான் கம்ப்யூட்டர் யுகத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

திருட்டு விண்டோஸ் வைத்திருந்தால் போலீஸ் வரும் என்று யாரோ கிளப்பிவிட, லினக்ஸுக்கு மாறினார். அதன் தத்துவமெல்லாம் அவருக்கு ஒரே சொல்லில் புரிந்துவிட்டது: ஓசி. போட்டுக்கொடுத்தவர் அவருடைய தோஸ்து. “எல்லாம் ஏத்திட்டேன் மாமு” என்று சொல்லி, கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பிரியாணியும் தின்றுவிட்டுப் போன மகானுபாவர். உண்மையில் எது ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று கண்டுபிடிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பி.எஸ்சி. படித்த பாவம்.

ஒரு நாள் கடை திறந்து சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை, கடலோர நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தது. புருஷன் துபாய்ப் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். கொஞ்ச நாளாகப் போன் இல்லை. சம்பளம் போடவில்லை, ஆட்களை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று குப்பத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். அவர் பேசியதைக் கூட வேலை செய்யும் ஒருவர் கம்ப்யூட்டரில் பதிவு செய்து எங்கள் கடை மெயிலுக்கு அனுப்பியிருந்தார்.

“கொரல கேட்டா போதுங்க்கா, எப்டி கீறாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும். இதுல கேக்குற வசதி கீதுல்ல?” என்று என்னிடம் கேட்டாள்.

“கீது, குந்தும்மா” என்றார் முதலாளி.

வந்திருந்தது எம்பி3. பாட்டுக் கேட்கும் புரோகிராம் ஜம்மென்று திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, “வருதாக்கா, வருதா?” என்று என்னையே கேட்டாள்.

லினக்ஸில் எம்பி3 கேட்கத் தனியாக ஒரு பேக்கேஜ், அதாவது துணைப் புரோகிராம், ஏற்ற வேண்டும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, அது ஏறியிருக்கிறதா என்று கேட்க ஆர்பிஎம், ஒரு சின்னக் கோடு, கியூ, பிறகு அந்த பேக்கேஜின் பெயர் என்று தட்டினேன். ஏறியிருந்தால் பெயரையும் பதிப்பு எண்ணையும் காட்டும். ஏறாவிட்டால் இன்ஸ்டால் ஆகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சந்தனம் வைத்தார்களே என்ற நன்றியெல்லாம் அதற்குக் கிடையாது. சொல்லிவிட்டது.

“இல்லைன்னு சொல்லுதுண்ணா” என்றேன்.

“போணி டைம்ல உன் வாயில வேற வார்த்தையே வராதா?” முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “தோஸ்து ஏத்திட்டேன்னு சொன்னான்ல? நல்லாத் தேடு!”

“நான் சொல்லலண்ணா, பெட்டி சொல்லுது.”

“அது கெடக்குது கஸ்மாலம்” என்றவர், அவள் பக்கம் திரும்பி, “வந்துகினே கீதும்மா” என்றார். எங்கிருந்து வந்துகொண்டிருந்ததோ!

பேக்கேஜை இணையத்திலிருந்து இறக்க ஆரம்பித்தேன். நெட்டுக்கும் வீட்டுப் போனுக்கும் ஒரே லைன்; மாடியில் முதலாளியம்மா போனை எடுத்தால் கீழே லைன் அறுந்துவிடும். அம்மாவுக்கோ அன்று ஊரில் உள்ள அத்தனை சொந்தக்காரர்களின் நினைவும் வந்துவிட்டது. குழந்தை இருமி இருமி அழுது, ஓய்ந்து, மறுபடி இருமியது. கடைசியில் ஒருவழியாக இறங்கி, ஏற்றி, மறுபடி கேட்டபோது பெட்டி பெயரையும் எண்ணையும் சமர்த்தாகச் சொன்னது. பேச்சை ஓடவிட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

“இன்னாம்மா சொல்றாரு?” என்றார் முதலாளி.

“சோறு கீதாம். ரூமு கீதாம். சம்பளம் வந்துகினு கீதாம். எல்லாம் நல்லா கீதாம்.”

“நான் சொல்லல?”

“பொய்யிண்ணா.” அவள் குரலில் அழுகை இல்லை. “நல்லா இருந்தா என்னத் திட்டிக்கினுல்ல இருப்பாரு? ஒரு வார்த்த திட்டலியே.”

தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு எந்தத் திரையும் வேண்டியிருக்கவில்லை.

பதில் பேசி அனுப்ப வேண்டும் என்றாள். மைக்கைச் செருகிக் கொடுத்தேன். அவள் குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

“கொஞ்சம் வெளிய தூக்கிக்கினு போய் நில்லுக்கா. இருமல் மைக்குல வுழுந்துடும்.”

வாசலில் போய் நின்றேன். குழந்தையின் முதுகு அனலாகக் கொதித்தது. உள்ளே அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள்:

“யோவ், ஒரு போன் பண்ணக்கூட உனக்குக் கை வலிக்குதா? பொண்டாட்டி ஒருத்தி கீறான்னு நெனப்பு கீதாய்யா உனக்கு? புள்ள நல்லா கீது, கேட்டியா? நல்லா கீது.”

குழந்தை மறுபடி இருமியது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.