எட்டாவது ஆளின் சட்டை

மார்ச் கடைசியில் எங்கள் பேஸ்பால் அணியின் சாமான் லாரி வடக்கே கிளம்புகிற நாளில் ஓட்டுநர் டுவெயின் என்னிடம் வந்துதான் கத்துவான்.

"யோவ் ரஸ், அந்தம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுய்யா. ஒரே ஒரு சட்டை பாக்கி. அதுக்காக முழு லாரியும் நிக்குது."

நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நடக்காது. தையல் அறையில் லவோன் ஸ்டக்கி மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். "பேரு வரட்டும்" என்பாள். அவ்வளவுதான். மேலாளர் வாயிலிருந்து பெயர் வந்து, சாமான் அறைப் பெரியவர் மில்ட் அதை அவள் காதில் போடும்வரை ஊசியில் நூல் ஏறாது. டுவெயின் போய் இன்னொரு காபி குடித்துவிட்டு வருவான்.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. லாரி வருவதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான்.

லவோன் இதே பெல்ஃபோர்ட் ஊர்க்காரி. ஏரிக்கரையில் படகுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கிளென் ஒரு நாள் மீன் பிடிக்கப் போகிறேன் என்று தூண்டிலோடு போனவன், மறு வாரம் டெக்சாஸிலிருந்து போன் செய்தான். அதற்காக அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. தூண்டிலையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று சொன்னதாகக் கேள்வி. அந்த வசந்தத்தில் ஃப்ளோரிடா வெயிலில் பயிற்சிக்கு வந்திருந்த அணிக்குத் தையல் ஆள் வேண்டியிருந்தது. வந்தாள், தங்கிவிட்டாள். நான் அங்கே துணி துவைக்கிறவன். சுவருக்கு இந்தப் பக்கம் என் மிஷின்கள், அந்தப் பக்கம் அவள் மிஷின். இருபது வருஷமாகச் சுவர் வழியாகவே சண்டை போட்டுக்கொள்கிறோம்.

பயிற்சிக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். இடம் உறுதியானவனுக்குச் சின்ன எண், முதுகில் பெயர். இடமில்லாமல், வந்து பார் என்று கூப்பிடப்பட்டவனுக்கு எண்பதுக்கு மேல் ஓர் எண். பெயர் கிடையாது. மாதக் கடைசியில் இருபத்தாறு பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். அப்படி உள்ளே வந்த வெறும் முதுகுக்காரனுக்குப் பெயர் தைப்பது லவோன் வேலை. அதனால் அந்தக் கடைசி இரண்டு நாள் அவள் கதவு பூட்டியே இருக்கும். மேலாளர் கூப்பிட்டுச் சொல்வதற்குமுன் தன் பெயரை எவனும் துணியில் பார்த்துவிடக் கூடாது. இது எழுதாத சட்டம்.

நான் சொல்கிற வருஷம் எல்லா இடமும் சீக்கிரமே முடிவாகிவிட்டது, ஒன்றைத் தவிர. ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்கள் ஐந்து பேர், அதில் பேச்சே இல்லை. புல்பென்னில், அதாவது வேலியோரம் உட்கார்ந்திருந்து தொடங்கியவன் கை ஓய்ந்ததும் ஓடி வந்து பந்தைப் பிடுங்கிக்கொள்கிற கூட்டத்தில், எட்டு இடம். ஏழு பேர் யார் என்று என் துவைக்கும் மிஷினுக்கே தெரியும். எட்டாவது ஆள் யார் என்பதில்தான் கட்டிடம் முழுக்கச் சண்டை.

ஒரு பக்கம் ப்ரூயிட். இருபத்திரண்டு வயசு. பந்தை எவ்வளவு வேகமாக எறிவானோ அவ்வளவு கண்டபடி எறிவான். புல் வெட்டுகிறவரின் வண்டிக் கண்ணாடியை உடைத்தவன். அவன் நின்றது மைதானத்தில், வண்டி நின்றது வேலிக்கு வெளியே.

இன்னொரு பக்கம் கர்ட்டிஸ் டால்கி. நெப்ராஸ்காக்காரன், இடது கை. முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. கீழ்மட்ட அணிகளின் பஸ்ஸிலேயே வயசைக் கழித்தவன், பெரிய அணியில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. வேகம் கிடையாது. ஆனால் இடது கை மட்டைக்காரர்கள் அவனுடைய வளைந்து வரும் பந்துக்கு முன்னால் இருட்டில் கதவைத் தேடுகிறவர்கள் மாதிரி நிற்பார்கள். இந்த முறை இல்லாவிட்டால் ஊரோடு போய்விடப்போவதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தான். எண் எண்பத்தேழு. அழுக்கு சாக்ஸை நேராகத் திருப்பிப் போடுகிற ஒரே ஆள். துவைக்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

இருந்தாலும் நான் ப்ரூயிட்தான் என்றேன்.

"உனக்கு மூளை சோப்புத் தண்ணியிலயே ஊறிப்போச்சு" என்றாள் லவோன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "ப்ரூயிட்டக் கீழ அனுப்பினா எங்கயும் ஓடிட மாட்டான், ஒப்பந்தம் போட்ட ஆளு. வேணுங்கறப்ப கூப்பிட்டுக்கலாம். கர்ட்டிஸ விட்டா போயே போயிடுவான். அப்ப யார வெச்சுப்பாங்க?"

"வேகத்த வெச்சுப்பாங்க."

"நம்ம கூட்டத்துல இடது கை ஒண்ணே ஒண்ணுதான்யா இருக்கு. அவன் தோளும் போன வருஷமே பல்லக் காட்டிடுச்சு. எதிராளிங்கள்ல பாதிப் பேரு இடது கைக்காரனுங்க. கணக்குப் போடு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் கடைசி வாரம் மேலாளர் டால்கியை அடுத்தடுத்து இரண்டு நாள் எறிய வைத்தார். பயிற்சிக் காலத்தில் புல்பென் ஆளை ஒரு நாள் எறிய வைத்தால் மறுநாள் ஓய்வு கொடுப்பார்கள். இரண்டு நாள் சேர்த்து எறிய வைப்பது, கை தாங்குமா என்று பார்க்க. கூட்டிக்கொண்டு போகப்போகிறவனுக்குத்தான் அந்தச் சோதனை. இரண்டு நாளும் டால்கியின் பந்தை எவனாலும் ஒரு அடிகூட அடிக்க முடியவில்லை. எனக்கே வாயடைத்துப் போயிற்று.

மறுநாள் மத்தியானம் லாரி வந்து நின்றது. மில்ட் இன்னும் வாய் திறக்கவில்லை. லவோன் எட்டாவது ஆளுக்கென்று ஒதுக்கியிருந்த நாற்பத்தொன்றாம் எண் சட்டையை எடுத்தாள், எழுத்துகளை வெட்டினாள், தைத்தாள். டி, ஏ, ஹெச், எல், கே, ஈ. ஆறே எழுத்து, கால் மணி வேலை. நீராவி இஸ்திரியில் அறை கொதித்ததால் கதவைத் திறந்து வைத்தாள். சட்டையைக் கம்பியில் மாட்டி ஆறப் போட்டாள்.

டால்கி பெல்ட் கொக்கி பிய்ந்துவிட்டது என்று வந்து வாசலில் நின்றான்.

நான் உலர்ந்த துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் பார்த்தேன். அவன் பெல்ட்டை நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் பார்ப்பதை லவோனும் பார்த்தாள். சட்டென்று முன்னால் வந்து மறைத்தாள். அவள் அகலமான உடம்புதான், ஆனாலும் சட்டை அதைவிட உயரத்தில் தொங்கியது.

"மிஸ் லவோன்" என்றான்.

"பெல்ட்ட வெச்சுட்டுப் போ, கண்ணு. நீ ஒண்ணும் பாக்கல."

"நான் ஒண்ணும் பாக்கல, மிஸ் லவோன்" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்துக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மில்ட் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"எட்டாவது ஆளு புதுசு. கலிஃபோர்னியா அணி ஒருத்தனக் கழிச்சு விட்டுச்சாம். நம்மாளுங்க காலையில எங்களுக்கு வேணும்னு எழுதிக் குடுத்தாங்க, கெடச்சுட்டான். அவனும் இடது கை. வான்டர்ஹைடன்."

"அப்ப கர்ட்டிஸ்?" என்றாள் லவோன்.

"கர்ட்டிஸ் பேர எப்ப சொன்னேன் உங்கிட்ட?" என்றார் மில்ட். பிறகுதான் கம்பியைப் பார்த்தார். அப்படியே திரும்பி வெளியே போனார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லவோன் உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரைச் சுற்றிக்கொண்டு போனேன். மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்வார், உனக்கெதற்கு, வாயை மூடிக்கொண்டிரு என்றேன்.

"அவன் அந்தச் சிரிப்போட அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது ரஸ். பாக்கறவங்க எதிர்ல அது உடையக் கூடாது" என்றாள். எழுந்து வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். ஏன் போனேனென்று தெரியாது. அவளைத் தனியாக விட மனசு வரவில்லை.

டால்கி தன் பழைய பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கையில் போன்.

"உனக்கு இடம் இல்ல கண்ணு" என்றாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். "வேற ஆளப் பிடிச்சுட்டாங்க."

அவன் கட்டிடத்தைப் பார்த்தான். "எப்ப மாத்தினாங்க?"

இங்கேதான் அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் மாற்றினார்கள், அதுவரை நீதான் என்று. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"மாத்தல. உன் பேர எங்கிட்ட யாரும் சொல்லவேயில்ல. நீதான் வருவேன்னு நானா நெனச்சுத் தைச்சேன். தப்பு என்னோடது."

அவன் கையிலிருந்த போனை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"அப்ப நான் பெரிய அணியில இருந்தது உங்க ரூம்ல மட்டும்தான்."

"ஆமா."

"அப்பாவுக்கு போன் போட்டேன், மிஸ் லவோன். எடுக்கல. மெசேஜ் விட்டுட்டேன்."

ஒரு ஆள் வந்து மேலாளர் கூப்பிடுவதாகச் சொன்னான். டால்கி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு போனான்.

லவோன் திரும்பி வந்து தையலைப் பிரித்தாள். அந்த அளவில் வேறு சட்டை இல்லை. அந்தத் துணியில் தைத்ததைப் பிரித்தால் ஊசித் துளைகள் போகாது. எழுத்து எடுத்த பிறகும் வெளிச்சத்தில் பிடித்தால் டால்கி என்று வாசிக்கலாம். அதன்மேல் வான்டர்ஹைடன் வந்து உட்கார்ந்தான். பெயரா அது, சரக்கு ரயில். தோளில் தொடங்கி மறு தோள் தாண்டியது. துளைகள் எல்லாம் அடியில் போய்விட்டன. லாரி கிளம்பியது.

டால்கிக்கு ஊருக்குப் போகிற வழியும், இன்னொரு வழியும் சொன்னார்கள். பெரிய அணி போன பிறகும் இங்கேயே பின்பக்க மைதானத்தில் பையன்களோடு எறிந்துகொண்டிரு, எங்கேயாவது இடம் காலியானால் பார்க்கலாம் என்று. அவன் இருந்தான். எண் எண்பத்தேழு, வெறும் முதுகு.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். சிவந்த கழுத்து, விதைக் கம்பெனித் தொப்பி, விரல் நகங்களில் போகாத கிரீஸ். டிராக்டர் பழுது பார்க்கிறவர். மகன் வர வேண்டாம் என்று சொல்லியும், லீவு சொன்னது சொன்னதுதான் என்று நெப்ராஸ்காவிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மடக்கு நாற்காலிகளில் ஊர்க் கிழவர்கள் சிலர், நான், லவோன். ஆட்டம் பார்க்கவே வராதவள் அன்று வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தாள்.

"நீங்கதானே தையல்காரம்மா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கர்ட்டிஸ் சொன்னான்."

"நாந்தான். நீங்க திட்டறதுன்னா திட்டிடுங்க" என்றாள்.

"அன்னிக்கு ஒரு டிராக்டருக்கு அடியில படுத்திருந்தேன். போன் அடிச்சது கேக்கல." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "மெசேஜ அழிச்சுடுங்கன்னான். சரின்னேன். அழிக்கல. இவன் பதினேழு வயசுல வீட்ட விட்டுப் போனவன். அதுலேர்ந்து போன் பண்ணா 'பரவாயில்லப்பா', 'பாக்கலாம்ப்பா', இது ரெண்டுதான். நீங்க கேக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் அதற்குள் விரலை அழுத்திவிட்டார்.

"அப்பா. அப்பா, போன எடுங்க. என் பேரத் தைச்சிருக்காங்கப்பா. நான் பாத்துட்டேன், என் பேரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மா படத்துகிட்ட மட்டும் சொல்லுங்க."

அவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். லவோன் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது வேலியோரக் கதவு திறந்து டால்கி ஓடி வந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் வாசலில் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்பத்தேழு யாருப்பா? இதுல பேரு இல்லயே."

கர்ட்டிஸின் அப்பா வாயைத் திறப்பதற்குள் லவோன் எழுந்து நின்றாள்.

"டால்கி. கர்ட்டிஸ் டால்கி, இடது கை" என்றாள். "பேனா வெச்சிருக்கீங்களா? எழுதிக்குங்க. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்."