குறுக்கே ஒரு கோடு

மிசாவோ முடிதிருத்துகிறவரின் மகள். அப்பாவின் சவரக்கத்திகளைத் தீட்டித் தீட்டியே ஜப்பானின் செகி ஊரில் வாள் தீட்டுகிறவர்களில் ஒருத்தியானாள். பெண்ணுக்கு இது ஆகாது என்று பட்டறையிலிருந்து விரட்டினார்கள். மூன்று மாதம் வாசலிலேயே உட்கார்ந்திருந்து உள்ளே போனவள். அத்தனை பிடிவாதம். பக்கத்து வீட்டில் வாளுக்கு உறை செய்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் கணவர் தெய்கிச்சி வாள் அடிப்பவர். நகோயா வாள் கண்காட்சி அவர் வாள்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. மூன்றாவது வாளை ஒன்பது நாளில் அனுப்பியாக வேண்டும். உறைக்கு அளவெடுக்க நான் போயிருந்தபோது, மிசாவோ வாளை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டுக் கல்லைக் கீழே வைத்தாள்.

"ஹாகிரே," என்றாள்.

இரும்பின் மடிப்போடு நீளவாக்கில் ஓடும் விரிசல்களுக்குப் பல பெயர்கள் உண்டு, மன்னிப்பும் உண்டு. ஹாகிரே என்கிற, கூர்வாயின் குறுக்கே ஓடும் இந்த முடியளவு கோட்டுக்கு மன்னிப்பே கிடையாது. அந்த வாள் செத்த வாள்.

"உன் கல்லால ஓரத்தைத் தேய்ச்சு வெள்ளை ஏத்தி மறைச்சிடு. நடுவருங்க கண்ணுக்குத் தெரியவா போகுது?" என்றார் தெய்கிச்சி.

"எனக்கு மறைக்கத் தெரியும். ஆனா மாட்டேன். நாளைக்கு எவனாவது இதை நம்பி வீசுவான்."

"அப்ப வேற ஆள்கிட்ட குடுக்கறேன்."

"தாராளமா குடுங்க. நானும் கூட வந்து, எங்க பாக்கணும்னு அவருக்கு விரல் வெச்சுக் காட்டறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் உறைக்கட்டையைப் பார்த்தேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

"செத்த வாளா? இப்பப் பாரு!" என்று அவர் வாளைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஈரப்பாயைச் சுருட்டி நட்டு ஒரே வீச்சு. பாய் இரண்டானது. "பாத்தியா?" என்று சிரித்தார். இரண்டாவது வீச்சில் பாயும் துண்டானது, வாளும் துண்டானது. முனை பறந்து என் காதோரம் தூணில் குத்தி நின்றது. மிசாவோ காட்டிய அதே இடத்தில்தான் முறிந்திருந்தது.

தெய்கிச்சி இரண்டு துண்டுகளையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, நெற்றி தரையில் படக் குனிந்தார். அவர் தோள் குலுங்கியது. ஒன்பது நாளில் இன்னொரு வாள் அடிக்க முடியாது; இந்த வருடக் கண்காட்சி அவ்வளவுதான்.

"அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்," என்றாள் மிசாவோ. "எந்திரிங்க. உலைக்குக் கரி இருக்கா?"