காஹாங்குக்குப் போன ஓர் ஓட்டு

2022 மார்ச் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். குளுவாங்கில் வானம் மூடியிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தேர்தல். நான் எட்டு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை அறுநூற்று நாற்பது அடி வைத்தேன். வழியெல்லாம் மழையை நினைத்துக் கவலை.

பள்ளிக்கு வெளியே எங்கள் கட்சிக் கூடாரம். எங்கள் வேட்பாளர் ஒரு வழக்கறிஞர். அவரை ஜெயிக்க வைக்க எங்கள் கிளை வைத்திருந்த முறை எளிமையானது: ஆளுக்கு ஒரு தெரு, ஒரு பட்டியல். என் பட்டியலில் நூற்று முப்பத்தேழு பெயர்கள். எல்லோரையும் இரண்டு முறை போனில் அழைத்து, அடையாள அட்டையான ஐசி இருக்கிறதா, எந்த வகுப்பறையில் ஓட்டு என்று கேட்டுக் குறித்திருந்தேன். பட்டியலில் இருந்தவர்களைத்தான் எண்ணினேன். இல்லாதவரைத் தேடத் தோன்றவில்லை.

கூடாரத்தில் இருந்த பெண் மனைவியின் ஐசி எண்ணைக் கணினியில் தட்டினாள். "ஐயா, அம்மாவுக்கு இங்க ஓட்டு இல்ல. காஹாங்ல காட்டுது."

அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போகவேண்டிய காஹாங்கில், தோட்டத்து மருந்தகத்தில் அவள் வேலை பார்த்த காலத்துப் பதிவு. குளுவாங்குக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் முகவரியை மாற்றவில்லை. இத்தனை தேர்தலிலும் மகன்தான் எங்களைக் காரில் கூட்டிப்போவான். அவளைக் காஹாங்கில் விட்டு வருவதை வழியில் ஒரு வேலை என்று நினைத்திருந்தேனே தவிர, அதன் காரணம் என் மண்டையில் தங்கவில்லை. இப்போது மகன் அமெரிக்காவில். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து நான்கு வாரம், வண்டி ஓட்டக்கூடாது.

"தெரிஞ்ச விஷயம்தானே, இங்கேருந்து வண்டி ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு நான் சும்மா இருந்தேன்," என்றாள் மனைவி. "நீங்கதான் ஊருக்கே போன் போட்டு விசாரிச்சீங்களே."

போன வருடம் சர்க்கரை வியாதியில் அவளுக்கு ஒரு கால் போனது. அதற்குப் பிறகு அவள் விரும்பி வெளியே கிளம்பியது அன்றுதான்.

கிளைத் தலைவரிடம் ஓடினேன். "ஐயா, அது நம்ம தொகுதியே இல்ல லா. இங்க நம்ம ஆளுங்களையே ஏத்த வண்டி பத்தல. மூணு மணிக்கு மேல பாப்போம்," என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வழக்கறிஞருக்கு அந்த ஓட்டால் பயனில்லை. போன் செயலியில் கிராப் வாடகைக் காரைக் கூப்பிட்டேன். ஐந்து முறை. ஒருவரும் ஏற்கவில்லை.

"காலு போச்சு. ஓட்டும் போகணுமா?" என்றாள் மனைவி, எல்லோருக்கும் கேட்கும்படி.

போட்டிக் கட்சியின் கூடாரத்திலிருந்து, எங்கள் பக்கத்தில் உணவுக்கடை வைத்திருப்பவர் எழுந்து வந்தார். இரண்டு வாரமாக ஒலிபெருக்கி கட்டி எங்கள் வழக்கறிஞரைத் திட்டிக்கொண்டு சுற்றிய வேன் அவருடையதுதான்.

"ஐயா, நான் கொண்டு போறேன்."

"பாய், நான் உங்க கட்சிக்குப் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

"தெரியும் அக்கா. ஊருக்கே தெரியும். ஏறுங்க."

அவர்கள் கூடாரத்துப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கி முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். நான் மடக்கிய சக்கர நாற்காலியோடு பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் பார்ப்பார்களே என்ற வெட்கம்.

வழியில் பேச்சுக்காக, மகன் சொன்னதைச் சொன்னேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் தலைமை அரசு வழக்கறிஞரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கென்றே இரண்டு கட்சிகளுக்கும் தனித்தனிக் குழு. நிதி திரட்டுவதும் விளம்பரம் போடுவதும் அதன் வேலை.

"அலமாக்! அரசாங்க வக்கீலுக்கும் ஓட்டா? அப்ப யார் மேல கேஸ் போடறதுன்னு கட்சி பாத்துப் போட மாட்டாங்களா?"

"இங்க மட்டும் என்னா பாய், ஓட்டில்லாமலே போடுறாங்க," என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை தொடங்கியிருந்தது, வேனின் முன்கண்ணாடித் துடைப்பான்களில் ஒன்றுதான் வேலை செய்தது. இருபுறமும் செம்பனை மரங்கள். எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன்.

காஹாங் பள்ளியில் முதியவர்களுக்குக் கீழ்த்தள வகுப்பறை. அவர் குடை பிடிக்க நான் தள்ளினேன். வாசலில் காவலர் அவளை வரிசையில் முன்னே விட்டார். ஏழு நிமிடத்தில், மை தடவிய விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மருந்தகத்தை விட்ட பிறகு அவ்வளவு நிமிர்ந்து அவளை நான் பார்த்ததில்லை.

வேனுக்கு எண்ணெய் போட என்று முப்பது வெள்ளிப் பணத்தை நீட்டினேன். வேன்காரர் கையை உதறினார். "எண்ணெய்க்குக் காசு வாங்குனா உங்க வக்கீல் என் மேல கேஸ் போடுவாரு. பசிக்குது. நம்ம கடைன்னா உங்கள்ட்ட வாங்க மாட்டேன், எதிர்ல இருக்கற இது வேற ஆள் கடை. இங்க நீங்க கொடுங்க."

எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தோம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஐந்து, தேத்தண்ணீர் மூன்று. பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு; நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.