அம்முலு மறைத்துவைத்த பிள்ளை

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பதினோரு வருஷம் வீடு வீடாகப் போய்க் காசநோய்த் தடுப்பூசி போட்ட நர்ஸ் நான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அம்முலுவிடமும் அந்த வாயால்தான் அடித்துச் சொன்னேன்: "ஒன்னும் ஆவாது. தோள்ல சின்னதா புண்ணு வரும், தானா ஆறிடும்." அவளுடைய மூத்தவன் மணவாளனுக்கு அப்போது மூன்று மாதம். கொழுகொழுவென்று இருந்தான்.

இரண்டு மாதத்தில் அவன் அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. இந்த ஊசியால் எங்கோ ஒரு பிள்ளைக்கு, நோய்நொடி இல்லாத பிள்ளைக்குக்கூட, அப்படி வருமாம். டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அதற்குள் அம்முலு சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டாள். கட்டி உடைந்து ஐந்து மாதம் சீழ் வடிந்தது.

"உன்ன நம்பித்தானே புள்ள கைய நீட்டினேன் நர்சம்மா?" என்று கேட்டாள். நான் குனிந்து சீழைத் துடைத்துக் கட்டுப் போட்டேன்.

புண் ஆறியது. அடுத்து கஸ்தூரி பிறந்தாள். நான் தெருவில் நுழைந்தாலே அம்முலு அவளைக் கொண்டுபோய் நெல் குதிருக்குப் பின்னால் படுக்கவைத்துவிடுவாள்.

"புள்ள வாலாஜாபாத்ல எங்கம்மா வூட்ல கீது" என்பாள்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். உள்ளே பிள்ளை சிணுங்குவது எனக்குக் கேட்டது. ஊரெல்லாம் சண்டை போடுகிற நான், அங்கே மட்டும் "ஊரில் இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். மூன்று முறை. சீ, நானெல்லாம் ஒரு நர்ஸ்!

அவள் புருஷன் ஏகாம்பரம் வெறும் சளி என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷமாக இருமிக்கொண்டிருந்தான். அது காசநோய் என்று தெரிந்தபோது கஸ்தூரிக்கு ஒன்றரை வயது. அவளுக்கும் தொற்றி, மூளைவரை ஏறிவிட்டிருந்தது. ஜுரமும் வலிப்புமாகப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டாள்.

அம்முலு அழவில்லை. நாற்று நடப் போனாள், சோறு பொங்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எனக்கும் அழுகை வரவில்லை. அடுத்த ஊருக்குப் போனேன், ஊசி போட்டேன்.

ஏகாம்பரம் மருந்து தின்று தேறினான். எண்பத்தொன்றில் அவளுக்கு மூன்றாவது பிள்ளை. அந்த வீட்டை மட்டும் பார்க்காததுபோலத் தாண்டிப் போனேன். அவளே பின்னால் வந்து குழந்தையின் இடது கையை நீட்டினாள்.

"போடு நர்சம்மா."

"இதுக்கும் கட்டி வந்தாலும் வரும் அம்முலு" என்றேன். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

"வரட்டும். கட்டி வந்தது வூட்ல வெளையாடிக்கினு கீது. வராததத்தான் பொதச்சிட்டு வந்தேன்" என்றாள்.