கன்னத்துத் தோலும் ஒரு வாய் வெற்றிலையும்

தரங்கம்பாடி மூஸா, திருப்பனந்தாளில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தியாகராசனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, கடன் சீட்டும் கிடையாது.

மூஸா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஷார்ஜாவில் நாற்பதடி டிரெய்லரைப் பின்னால் எடுத்துச் சந்துக்குள் நிறுத்த அவரை விட்டால் ஆள் கிடையாது. இதை அவரே சொல்வார், உண்மையும் அதுதான். 2008இல் அந்த டிரெய்லரில் கால் வழுக்கி, பக்கப்பலகை மேல் கவட்டை அடிபட விழுந்தார். சிறுநீர்க் குழாய் கிழிந்து, ஆறும்போது அடைத்துக்கொண்டது. அடிவயிற்றில் டியூப், லுங்கிக்குள் பை என்று ஊர் வந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும்.

புண் ஆறவே மூன்று மாதம் ஆனது. பிறகு தஞ்சாவூர் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார்.

“அடைப்பு கீழ இருக்கு டாக்டர், மேல என்ன பார்க்கிறீங்க?”

“கன்னத்து உள்தோல்தான் அங்க ஒட்டும். உங்க கன்னத்தை வெத்தலை கெடுத்து வச்சிருக்கு. நகத்தளவு நல்ல தோல் கிடைச்சா போதும், லேப்ல வளர்த்துக்கலாம். ஒரு மாசம் வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு எதையும் தொடக் கூடாது.”

இருபத்தெட்டு நாள் வாயைக் கட்டினார். செலவுக்குப் பணம் வேண்டித் தியாகராசனிடம் போனார். மூஸாவின் வாப்பா அவரிடம் வெற்றிலை வாங்கி விற்றவர். கேட்டதும் பணம் வந்தது, கூடவே வெற்றிலைத் தட்டும்.

“சீட்டு எதுக்கு பாய்? ஒரு வாய் போடுங்க. நமக்கு அதுதான் வாக்கு.”

மறுத்தால் மனுஷர் என்ன நினைப்பாரோ என்று மூஸா மென்றார். மூன்றாம் நாள் டாக்டரின் டார்ச் வெளிச்சத்தில் கன்னம் சுண்ணாம்பில் வெந்து கிடந்தது.

“மறுபடி ஒரு மாசம்.”

மனைவி ஜஸீலா விடவில்லை. “டிரெய்லரை நிறுத்தத் தெரிஞ்ச ஆளுக்கு வாயை நிறுத்தத் தெரியலையே!”

அடுத்த மாதம் தோல் எடுத்தார்கள். அது லேபில் வளர மூன்று வாரம், ஒட்டியது பிடிக்க மூன்று வாரம். டியூப் எடுத்த அன்று கழிப்பறையிலிருந்து மூஸா கத்தினார்: “ஜஸீலா, சத்தம் கேட்டியா?”

விசா அதற்குப் பதினைந்து நாள் முன்பே முடிந்திருந்தது.

உட்கார்ந்து அழுகிற ஆளா அவர்? அறுவடை மெஷினில் ஏறினார். குறுவை, சம்பா எதையும் விடாமல் இரண்டு வருடம் ஓட்டி முழுத் தொகையோடு திருப்பனந்தாள் போனார்.

தியாகராசன் மறுபடியும் தட்டை நீட்டினார். “போடுங்க பாய்.”

“அன்னைக்குப் போட்டதுல ஷார்ஜாவே போச்சுண்ணே.” விஷயத்தைச் சொன்னார்.

“அடப்பாவி மனுஷா, அப்பவே சொல்லக் கூடாதா?”

“கடன் கேட்டு வந்த வாயால எப்படிண்ணே வேணாம்னு சொல்றது? இப்ப சொல்றேன், வேணாம். கையை நீட்டுங்க.”

தியாகராசன் தட்டைக் கீழே வைத்தார். அவர் விரித்த கையில் மூஸா ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, நூற்றிருபது வரை எண்ணினார்.