பச்சைக் கதவுக்குள் அண்ணன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "மெதுவா... மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே எல்லோருக்கும் 'மெதுவா மிஸ்' ஆகிவிட்டாள். எதிரே லாரி வந்தாலும் குரல் ஒரு இம்மி உயராது. அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தொன்றாவது வயதில் தலைகால் புரியாமல் போனது ஒரு கதவால்.

அதுவரை பதினோரு வாடகை வீடுகளில் குடியிருந்தாள். எல்லாமே வேறு யாரோ தேர்ந்தெடுத்த கதவுகள். ஒன்று மழைக்கு உப்பிக்கொள்ளும். ஒன்றைத் தோளால் இடித்தால்தான் திறக்கும். ஒரு குளியலறையில் தாழ்ப்பாளுக்குப் பதில் செங்கல். இப்போதுதான் அவளும், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவரும் மூன்றாவது மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாக் கதவும் மாட்டியே கிடைத்தன. கூடத்து மூலையில் ஏசி மெஷின் நிற்கும் சின்ன அறை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"என்னங்க, இந்தக் கதவை நான்தான் தேர்ந்தெடுப்பேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"நான் எப்பம்மா திறந்தேன்?" என்றார் கணவர்.

திறந்தவர்கள் வேறு இரண்டு பேர். ஒருத்தி ஏசி மெக்கானிக்; இவளிடம் கார் கற்றுக்கொண்ட பெண். "மிஸ், வீட்டுக் காத்தை மெஷின் இந்த வாசல் வழியாத்தான் இழுக்குது. சாய்ஞ்ச சட்டங்களை இடுக்கு விட்டு அடுக்கின கதவா போடுங்க. அடைச்ச கதவு போட்டா அது மூக்கைப் பொத்தின மாதிரி."

இன்னொருவர் அவளுடைய அண்ணன். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர். லிஃப்டில் சிக்கியவர்களை வெளியே எடுத்தே முப்பது வருடம் ஓட்டியவர். "சட்டக் கதவு போட்டா சத்தம் மொத்தமும் கூடத்துக்கு வந்துடும். நல்ல கனமா, ரப்பர் வச்சு, இறுக்கமா மூடுற கதவா போடு. கதவைப் பத்தி எனக்கே பாடமா?"

அவள் கதவுக் கடைக்குப் போனாள். சுவரே இல்லாமல் வரிசையாகக் கதவுகள் மட்டும் நின்றிருந்தன. ஒன்றைத் திறந்து அந்தப் பக்கம் போனாள். இன்னொன்றைத் திறந்து இந்தப் பக்கம் வந்தாள். பதினெட்டுக் கதவுகள். கடைக்காரருக்குத்தான் தலை சுற்றியது.

"எந்த ரூமுக்கும்மா?"

"ஏசி மெஷினுக்கு."

"மெஷினுக்கா இவ்ளோ ஆராய்ச்சி!"

பத்தொன்பதாவது கதவு பச்சை, முழுக்க அடைத்த கதவு. இளம் வாழையிலைப் பச்சை, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். மெக்கானிக் சொன்னதெல்லாம் காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்த சட்டக் கதவு அவள் கண்ணுக்கு ஏணி மாதிரி தெரிந்தது. பச்சையையே வாங்கிவிட்டாள்.

மாட்டிய அன்று ஏசியைப் போட்டதும், பாதி திறந்திருந்த கதவு தானாக நகர்ந்து 'டப்' என்று மூடிக்கொண்டது. "பாத்தீங்களா, எவ்ளோ சமர்த்து!" என்று பூரித்துப்போனாள். சாயங்காலம் கதவின் அடியிலிருந்து விசில் கிளம்பியது. மறுநாள் வீடு குளிரவில்லை. மூன்றாம் நாள் மெஷின் குழாயில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. கணவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "கதவு மேல தப்பே இல்ல. மெஷின்லதான் கோளாறு. நான் பாக்குறேன்" என்று உள்ளே நுழைந்தார். மெஷினுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதில் பாதியை அவர் வயிறு எடுத்துக்கொண்டது. பின்னாலேயே கதவு நகர்ந்து, 'டப்'.

"யாரு மூடினது?"

"யாரும் மூடலண்ணா. தள்ளுங்க."

"தள்ளுறேன், வரலையே! மாப்பிள்ளை, இழுங்க!"

"இழுக்கிறேன் மச்சான்!"

கணவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அவர் இடுப்பைப் பிடித்து இவள் இழுத்தாள். கைப்பிடி கழன்று கையோடு வர, இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து, "இங்க ஐஸ் கட்டியிருக்கு, முதுகு விறைக்குது!" என்று குரல் வந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது.

"அண்ணா, பதட்டப்படாதீங்க. லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

"அமைதியா இருங்க, உதவி வந்துகிட்டே இருக்குன்னு சொல்லுவேன்."

"அதேதான், அமைதியா இருங்க!" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெஷின் இழுக்கிற வரை கதவு வராது. ஓடிப்போய் ஏசியை அணைத்தாள். அண்ணனோ முழு பலத்தோடு முதுகால் தள்ளிக்கொண்டிருந்தார். இழுவை நின்ற நொடியில் கதவு படீரென்று திறந்தது. அவர் பின்பக்கமாகவே கூடத்தைக் கடந்து சோபாவில் போய் விழுந்தார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து அழைப்பு மணி அடித்தும் நிற்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து மூச்சுவிடாமல் கதையைக் கேட்டாள். "மிஸ், நீங்க எனக்குச் சொல்லுவீங்களே, கண்ணாடியைப் பாக்காம திரும்பாதேன்னு. நான் சொன்னதை நீங்க திரும்பியே பாக்கலையே!" என்றாள். பிறகு மெக்கானிக்கே டேப்பைப் பிடித்து அளந்தாள். நாளைக்கு மெஷினையே வெளியே எடுக்க வேண்டி வந்தாலும் இடிக்காத அகலம், ஃபில்டரை உருவ வசதியான பக்கம் கீல், மேலிருந்து கீழ்வரை சாய்ந்த சட்டங்கள்.

கதவுக் கடைக்காரர் பச்சையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பெயிண்ட் அடிக்காத சட்டக் கதவைக் கொடுத்தார். மாட்டி, ஏசியைப் போட்டதும் மெதுவா மிஸ் சட்டங்களின் முன்னால் கையை வைத்துப் பார்த்தாள். விரலிடுக்கில் காற்று குறுகுறுவென்று உள்ளே ஓடியது. சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்தது. பக்கத்து அறையில் யாரோ நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு, கதவைக் கழற்றி பால்கனியில் செய்தித்தாள் விரித்துக் கிடத்தினாள். எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தாறு சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் பச்சை அடிக்க வேண்டும். பாட்டு முணுமுணுத்தபடி ஏழாவது சட்டத்துக்கு வந்தபோது அண்ணன் வந்தார். பையிலிருந்து புதிதாக ஒரு பிரஷ் எடுத்தார், பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், அடியிலிருந்து ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் அவர் மீசை பாதி பச்சை. அவள் சொல்லவில்லை. கணவரும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.